வரலையக்காவும் அறுபது வினாடியும்

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் வீடுகளில் பேசப்பட்ட மொழிகள் முப்பத்தொன்று. முன்வாசலில் தொங்கிய நீளமான பதாகையில் முப்பத்தொரு மொழியிலும் வரவேற்பு எழுதியிருந்தார்கள். தமிழில் மட்டும் ஒரு புள்ளி தவறிப்போய் 'வணககம்' என்று நின்றது. அந்தப் புள்ளிக்காக வருகைப் பதிவு எழுத்தர் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தாள். "அடுத்த பதாகையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று முறையும் பதில் வந்தது.

அவள் அப்படித்தான். அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்றாவது மேசை அவளுடையது. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தாமதம் என்று பதிந்துகொண்டிருந்தாள். மணி அடித்து அரை நிமிடம் கழித்து வந்த பிள்ளை மூச்சிரைக்க நின்று கண்ணீர் விட்டாலும், கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு 'தாமதம்' என்றுதான் போடுவாள். அவள் போட்ட பதிவை மாற்ற பிரம்மா வந்தாலும் மருத்துவச் சான்றிதழோடுதான் வர வேண்டும் என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வார்கள்.

தலைமையாசிரியைக்குத் திட்டங்கள் என்றால் உயிர். ஒவ்வொரு பருவமும் ஒரு புதுத் திட்டம் பிறக்கும்; அதற்குப் பெயர் வைப்பார், சுவரொட்டி அடிப்பார். காலை உணவுத் திட்டம், கார் பழுது பார்க்கும் பயிற்சி, ரோபோ மன்றம், புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு, தலைமைப் பண்பு வகுப்பு, மன அமைதி வகுப்பு எல்லாம் அங்கே இருந்தன. இடம் போதாததால் மன அமைதி வகுப்பை கார் பட்டறைக்கு அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் கண்ணை மூடி மூச்சை இழுக்கும்போது அந்தப் பக்கம் எஞ்சின் உறுமும்.

அந்த வரிசையில் வந்ததுதான் 'வீட்டுக்கு ஒரு குரல்' திட்டம். பிள்ளை ஒரு வகுப்புக்கு வரவில்லை என்றால் காலை பத்தேகால் மணிக்கு இயந்திரமே வீட்டுக்குத் தொலைபேசி போட்டு, அந்த வீட்டு மொழியிலேயே தகவல் சொல்லும். நல்ல யோசனைதான். தமிழை மட்டும் யாரோ கணினியிடம் கொடுத்து மொழிபெயர்த்து, கணினியையே பேசவும் வைத்துவிட்டார்கள். அது கனத்த குரலில், "உங்கள் பிள்ளை இன்று நம்மிடையே இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றது.

முதல் நாளே ரொட்டிக் கடையில் வேலை செய்யும் ஒரு தகப்பன் முழங்கை வரை மாவோடு அலறிக்கொண்டு ஓடி வந்தார். அவர் மனைவி வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நம்மிடையே இல்லாத அந்தப் பிள்ளை அப்போது கழிப்பறையில் ஒளிந்துகொண்டு பன் தின்றுகொண்டிருந்தான்.

அன்று மதியமே தலைமையாசிரியை எழுத்தரை அழைத்து, "நீங்களே பேசிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். சத்தமில்லாத இடம் வேறு கிடைக்காமல், துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் நின்று அவள் பேசிப் பதிந்தாள்: "வணக்கம். உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை. மணிச் சத்தத்துக்குப் பிறகு, அறுபது வினாடிக்குள் காரணத்தைச் சொல்லுங்கள். மிக்க நன்றி." திரும்பப் போட்டுக் கேட்டபோது அவளுக்கே ஆச்சரியம். இவ்வளவு தேன் ஒழுகும் குரல் தன் தொண்டையில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வீட்டில் அவள் பேசினால் மிளகாய்தான் கமறும்.

இரண்டே வாரத்தில் அவள் பிரபலமாகிவிட்டாள். தமிழ்க் குடும்பங்கள் அவளுக்கு 'வரலையக்கா' என்று பெயர் வைத்தன. கடையில் வரிசையில் நின்று "தக்காளி ஒரு கிலோ" என்று இவள் சொன்னால், பின்னால் நிற்கும் அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, என் பொண்ணு இன்னைக்கும் போகலையா?" என்பாள்.

பெற்றோர் பதிந்து வைக்கும் காரணங்களைக் கேட்டு, நோய், குடும்பம், மருத்துவர், மற்றவை என்று நான்கில் ஒன்றைக் குறிப்பதும் அவள் வேலைதான். ஒரு வீட்டில் ஒரே சித்தப்பா ஒரே பருவத்தில் மூன்று முறை காலமானார். மூன்று முறையும் அவள் முகம் மாறாமல் 'குடும்பம்' என்று குறித்தாள்.

அவள் வீட்டுக் கதை வேறு. வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன். வாரத்தில் ஐந்து நாள் சாலையில்தான் குடித்தனம். மகள் அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு. நான்காவது ஆள் மாமனார், முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் யார் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பதுபோலவே நிமிர்ந்து பார்ப்பார்.

மாமனாரும் மருமகளும் பேசி நாலு மாதமாகியிருந்தது. காரணம் ஒரே ஒரு வாக்கியம். யாரோ பழைய சிநேகிதர் தொலைபேசியில் விசாரித்தபோது, "மருமகளா? பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிற வேலை" என்று மாமனார் சொன்னதை, துவைத்த துணியோடு அந்தப் பக்கம் வந்தவள் கேட்டுவிட்டாள். "மணி அடிக்கிறவ ஆக்கிப் போடுறது உங்களுக்கு எதுக்கு?" என்று அவள் கேட்டாள். "வேண்டாம்மா, எனக்கு ஆக்கிக்கத் தெரியும்" என்று அவர் சொன்னார். அதோடு வாய்ப்பூட்டு.

அன்றிலிருந்து குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தன. 'பால் தீர்ந்துவிட்டது.' 'தெரியும்.' 'தெரிந்தும் வாங்கவில்லை.' 'வாங்கியாகிவிட்டது, உள்ளே பார்க்கவும்.' கணவன் வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் அவனே தபால்காரன். "அப்பா, அவ உப்பு கேக்குறா." "கை நீட்டினா எட்டுமேன்னு சொல்லுடா." மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மகள் முதல் வகுப்புக்கு மட்டம் போட்டாள். அது தலைமைப் பண்பு வகுப்பு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து 'நான் யார்' என்று சொல்ல வேண்டும். நான் யார் என்று எனக்குத் தெரியும், அதை எதற்கு முப்பது பேரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்த மகள், கார் பட்டறைக்குப் போய், சிநேகிதிகள் எஞ்சினைக் கழற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் 'வரவில்லை' என்று போட்டார். பத்தேகாலுக்கு இயந்திரம் தன் கடமையைச் செய்தது. படிவத்தில் இருந்தது வீட்டு எண். வீட்டில் இருந்தது மாமனார்.

பதினொன்றரை மணிக்கு எழுத்தர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பதில்களைக் கேட்க உட்கார்ந்தாள். முதலில் ஒரு காய்ச்சல், பிறகு ஒரு பல் மருத்துவர். மூன்றாவதாக, நன்றாகத் தெரிந்த ஓர் இருமல்.

"ஹலோ, யாரு? ஓ... நீயா?" தொண்டையைச் செருமும் சத்தம். "வணக்கமா? சரி, வணக்கம், வணக்கம். நாலு மாசம் கழிச்சு இப்பவாவது வாயத் தொறந்தியே. பிள்ளை வரலைங்குறே. காலையில நீதானே கார்ல கூட்டிட்டுப் போனே? நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். இங்கேர்ந்து ஒழுங்காத்தான் கிளம்புச்சு. அங்க வந்து தொலைஞ்சா அதுக்கு நான் என்ன பண்றது? சரி, அத விடு. நீயே இறங்கி வந்து பேசுறப்ப நான் முறுக்கிட்டு நிக்கக் கூடாது. அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான். தப்புதான்மா. ஆனா—"

அறுபது வினாடி முடிந்தது.

அவள் அதை ஆறு முறை போட்டுக் கேட்டாள். மகள் மட்டம் போட்ட விஷயமே நான்காவது முறைதான் மண்டையில் ஏறியது. காரணம் என்ற கட்டத்தில் எதைக் குறிப்பதென்று தெரியாமல் விரல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் 'குடும்பம்' என்று குறித்தாள்.

'தப்புதான்மா' என்பதோடு நின்றிருந்தால் அன்று மாலையே அவள் போய்ப் பேசியிருப்பாள். அந்த 'ஆனா' அல்லவா குறுக்கே விழுந்து கிடக்கிறது! ஆனா நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்ல வந்தாரா? ஆனா உன் வேலை அதுதானே என்று சொல்ல வந்தாரா? இரண்டெழுத்து தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் நாளிதழை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நீதானே முதலில் பேசினாய், மேலே பேசு என்று அவர் காத்திருந்தார். நீங்கள்தானே பாதியில் விட்டீர்கள், முடியுங்கள் என்று அவள் காத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து மகள் தலையில்தான் விடிந்தது. ஒரு மணி நேர அர்ச்சனைக்குப் பிறகு, இனி ஒரு வகுப்பையும் விடமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், பாவம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. திரையில் மகளின் பெயருக்கு எதிரே 'வந்தாள்' என்று இருந்தது. எழுத்தர் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பதினோரு வருடத்தில் ஒரு பதிவைக்கூட வளைக்காத கை. ஒரே ஒரு தடவை, அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் கேட்டுவிட்டால் போதும், பிறகு சரிபண்ணிவிடலாம் என்று மனசு சொன்னது. பால் குடிக்கப்போகும் பூனைபோல் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கை 'வரவில்லை' என்று மாற்றியது.

அன்றைய அறுபது வினாடி முழுதும் குளியலறைக் குழாய்க்குப் போனது. எவ்வளவு நாளாகச் சொட்டுகிறது, எத்தனை வாளி வீண், மகன் எத்தனை முறை 'பார்க்கிறேன்' என்றான் என்று விவரமாகச் சொல்லி, "அதிருக்கட்டும், நேத்து நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றபோது நேரம் முடிந்தது.

ஒரு தடவை என்றது இரண்டாயிற்று. புதன்கிழமை மாமனார் தாளில் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு பேசினார். தாள் சரசரத்தது. "முதலாவது, என் மூக்குக்கண்ணாடிய நீதான் எடுத்து வெச்சிருக்கேன்னு போன மாசம் நினைச்சேன். அது என் சட்டைப் பையிலயே இருந்துச்சு. அத அப்பவே சொல்லியிருக்கணும். இரண்டாவது..." இரண்டாவது என்ன என்று தாளைத் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்ப்பதிலேயே மீதி நேரம் கரைந்தது.

வியாழக்கிழமை குரலில் ஒரு நிதானம் வந்திருந்தது. "நான் பேசப் பேச நீ குறுக்க விழாமக் கேக்குறே. இந்தப் பழக்கம் நல்லாருக்கு, விட்றாதே. அன்னைக்கு 'ஆனா'ன்னு சொல்லி நிறுத்தினேன்ல, அது என்னன்னா..." எழுத்தர் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். அழைப்பு மணி அடித்தது. "இரு, வாசல்ல யாரோ." மீதி நாற்பது வினாடியும், பொட்டலம் கொண்டுவந்த ஆளிடம் மாமனார் அடையாள அட்டை கேட்டு வாதாடியதுதான் பதிவாகியிருந்தது. பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ஏதும் கெட்ட செய்தியா?" என்றாள்.

இதற்கிடையே மகளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. செவ்வாயிலிருந்து தினமும் அவள் கைபேசிக்கு 'இன்று முதல் வகுப்புக்கு வரவில்லை' என்று குறுஞ்செய்தி வந்தது. "அம்மா, நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன்! 'நான் யார்'னு ரெண்டு தடவை சொன்னேன்!" என்று கத்தினாள். "கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும், பார்க்கிறேன்" என்று குழம்பைக் கிண்டியபடி அம்மா சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குழம்பு அடிப்பிடித்தது. தாத்தாவிடம் போய் முறையிட்டால், "மெஷின் எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது முறை. இந்தத் தடவை மாமனார் நீட்டி முழக்கவில்லை. "இன்னைக்கு எனக்குப் பேச மனசில்ல. அஞ்சு நாளாப் பிள்ளை வகுப்புக்குப் போகல. நீ என்னடான்னா பாட்டு மாதிரி அதையே சொல்லிட்டு இருக்கே. நானே நேர்ல வந்து பெரிய டீச்சரைப் பார்க்கிறேன்."

அவர் வரத் தேவையே இருக்கவில்லை; பள்ளியே கூப்பிட்டது. ஐந்து நாள் வராவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் தானாகவே 'மீண்டும் வகுப்புக்கு' என்ற திட்டத்தில் ஏறும். பாதுகாவலர் வந்து ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இந்த விதியை இருநூறு குடும்பங்களுக்கு விளக்கியவள் எழுத்தர்தான். பேராசையில் அவளுக்கே மறந்துபோயிருந்தது. பள்ளியில் வேலை பார்ப்பவர் தன் சொந்தப் பிள்ளைக்குப் பெற்றோராக உட்காரக் கூடாது என்று இன்னொரு விதி. கணவனோ எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். படிவத்தில் அடுத்த பெயர் மாமனார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட கால்சட்டை, கழுத்து வரை பொத்தான், சட்டைப் பையில் பழைய உத்தியோகப் பேனா. வாசல் பதாகையைப் பார்த்து, "ஒரு புள்ளி குறையுதே" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

ஆலோசகர் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அவர் அறையில் நாற்காலிகளுக்குப் பதிலாக உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தைப் பைகள் இருந்தன. மாமனார் ஒன்றில் அமர்ந்து, முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வர, கம்பீரம் குறையாமல் நிமிர்ந்திருந்தார். தலைமையாசிரியையும் வந்திருந்தார், தன் திட்டம் வேலை செய்வதைப் பார்க்க அவருக்கு ஆசை. மகள் ஒரு கனத்த கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

மாமனாருக்கு அந்த ஊர் மொழி கடையில் சில்லறை வாங்கும் அளவுக்குத்தான் வரும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பட்டியலில் ஓர் எண் தள்ளிப் போட்டதில் வேறு ஏதோ மொழிக்காரர் வந்தார். அவர் சொன்னது மாமனாருக்குப் புரியவில்லை, மாமனார் சொன்னது அவருக்குப் புரியவில்லை. இருவரும் ஐந்து நிமிடம் மிக மரியாதையாக ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆலோசகர் எழுந்து போய் எழுத்தரைக் கூட்டிவந்தார்.

"நீங்கள் இங்கே அம்மா இல்லை, குரல் மட்டும்தான்" என்றார். "சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்ல வேண்டும்."

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு அவளிடம் சான்றிதழே இருந்தது. அவள் நடுவில் நின்றாள்.

"உங்கள் பேத்தி ஐந்து நாள் முதல் வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் ஏதாவது சிக்கலா?" என்றார் ஆலோசகர்.

அவள் அதைத் தமிழில் சொன்னாள். நாலு மாதத்தில் மாமனார் முகத்துக்கு நேரே அவள் பேசிய முதல் வாக்கியம், 'வீட்டுல ஏதாவது பிரச்சினை இருக்குங்களா?' என்பதாக அமைந்துவிட்டது.

மாமனார் அவளைப் பார்க்காமல் ஆலோசகரைப் பார்த்தே சொன்னார். "பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல. வீட்டுல பெரியவங்க ரெண்டு பேரு பேசிக்கிறதில்ல. அந்தப் பாரம் பிள்ளை மேல விழுந்திருக்கும்."

அவள் அப்படியே சொன்னாள்.

"யார் அந்த இரண்டு பேர்?" என்றார் ஆலோசகர், பேனாவை எடுத்துக்கொண்டு.

"யாரு அந்த ரெண்டு பேரு?" என்று அவள் கேட்டாள்.

"ஒருத்தன் நான். இன்னொருத்தி மருமக."

"ஒருவன் நான். இன்னொருத்தி மருமகள்" என்று அவள் ஊர் மொழியில் சொன்னாள். ஆலோசகர் எழுதினார். எழுதி முடித்து, ஒரு நிமிடம் யோசித்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்போதுதான் மகள் கோப்பைத் திறந்தாள். "நான் ஒரு நாள்தான் வரல. அது தப்பு, ஒத்துக்கிறேன். மத்த நாலு நாளும் வந்தேன். இந்தாங்க" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கரும்பலகையும் கடிகாரமும் பின்னால் தெரிய எடுத்த புகைப்படங்கள், ஆசிரியர் கையெழுத்து, பக்கத்துப் பெண்கள் நான்கு பேரின் வாக்குமூலம், 'நான் யார்' என்று அவள் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. வழக்கறிஞர்கூட இவ்வளவு சுத்தமாகத் தாக்கல் செய்திருக்க மாட்டார்.

தலைமையாசிரியை கணினியில் பதிவைத் திறந்து பார்த்தார். அவர் புருவம் ஏறியது. "ஆசிரியர் 'வந்தாள்' என்றுதான் போட்டிருக்கிறார். நான்கு நாளும் பத்து மணி சுமாருக்கு அது மாற்றப்பட்டிருக்கிறது, வருகைப் பதிவு மேசையிலிருந்து. அதாவது, எழுத்தர் பொய்யாக மாற்றியிருக்கிறார்."

பக்கத்தில் எங்கோ ஓர் எஞ்சின் உறுமி அடங்கியது. ஆலோசகருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது, "அதையும் அவருக்குச் சொல்லுங்கள்" என்றார்.

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "பிள்ளை நாலு நாளும் வந்திருக்கு. எழுத்தர்தான் பொய்யா மாத்தியிருக்காங்க."

"எழுத்தரா? அது நீதானே?"

"ஆமாம்."

மாமனார் மெத்தைப் பையிலிருந்து எழ முயன்று, முடியாமல், அப்படியே முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இதை அவங்ககிட்ட ஒத்துக்காதே."

"இதை அவர்களிடம் ஒத்துக்கொள்ளாதே என்கிறார்" என்று அவள் ஊர் மொழியில் சொன்னாள்.

"ஏய், அதை எதுக்குச் சொல்றே?"

"ஏய், அதை எதற்குச் சொல்கிறாய் என்கிறார்."

தலைமையாசிரியை வாயைக் கையால் மூடிக்கொண்டார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. ஆலோசகர் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்றார் தலைமையாசிரியை.

எழுத்தர் இரண்டு மொழியிலும் சொன்னாள், முதலில் அவருக்கு, பிறகு மாமனாருக்கு. "வீட்டுக்கு போன் போனாதான் நீங்க பேசுவீங்க. தப்புதான்னு சொன்னீங்க. அப்புறம் 'ஆனா'ன்னீங்க. அதுக்கு மேல என்னன்னு எனக்குத் தெரியணும். அஞ்சு நாளா சாப்பாடு இறங்கல."

மாமனார் தன் செருப்பைப் பார்த்தார். "அது மெஷின்தான்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். மெஷின்கிட்ட சொன்னா நீ கேட்பேன்னு தெரியும். நேர்ல சொன்னா உன் மூஞ்சியப் பார்த்ததும் எனக்கு வாய் வேற பக்கம் போயிடுது."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஆலோசகர்.

"கொஞ்சம் இருங்கள்" என்றாள் அவள். சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அப்படிச் சொல்லக் கூடாது.

"ஆனா, நான் சொல்ல வந்தது இதான்" என்றார் மாமனார். "மணி அடிக்கிற வேலைன்னு நான் கேவலமாச் சொல்லல. நான் இருந்த இடத்துல ஸ்டேஷன்ல மணி அடிக்கிறவர்தான் பெரிய ஆள். அவர் அடிக்காம ஒரு வண்டி நகராது. பெரிய அதிகாரி வந்தாலும் நின்னுதான் ஆகணும். அந்த நினைப்புல சொன்னேன். அவன் சிரிச்சான். நானும் கூடச் சிரிச்சேன். அந்தச் சிரிப்புதான் தப்பு."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சுவரோரம் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை ஆலோசகர் நீட்டினார். தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு அவள் கொடுக்கும் அதே ரகம்.

"ரயிலைப் பற்றி ஏதோ சொல்கிறார்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

மாமனார் தலைமையாசிரியை பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சில்லறை மொழியில் தானே பேசினார். "நான் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட். தப்பு என்றால் தப்பு. இவளுக்கு அபராதம் போடு. வேலையிலிருந்து இறக்காதே."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார் என்றாலும் விட்டுவிடவில்லை. எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, ஒரு பருவம் முழுக்க எழுத்தர் மாற்றும் எந்தப் பதிவுக்கும் பக்கத்து மேசைக்காரியின் கையெழுத்து, சனிக்கிழமைகளில் அலுவலர் நேர்மைப் பயிற்சி. அது என்ன பயிற்சி, கேள்விப்பட்டதே இல்லையே என்று எழுத்தர் கேட்டதற்கு, "இப்போதுதான் தோன்றியது, பெயர் வைக்க வேண்டும்" என்றார். மகளுக்கு நான்கு நாள் திரும்பக் கிடைத்தது. மட்டம் போட்ட ஒரு நாளுக்கு, தலைமைப் பண்பு வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல். அவள் தாக்கல் செய்த கோப்பைப் பார்த்து அசந்துபோன தலைமையாசிரியை, அவளை விவாத மன்றத்தில் சேர்த்துவிடப்போவதாகவும் சொன்னார். மகளுக்கு இது பரிசா தண்டனையா என்று தெரியவில்லை.

மாமனாரை மெத்தைப் பையிலிருந்து தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு கையை மகள் பிடித்தாள். இன்னொரு கையை யாரும் சொல்லாமலே மருமகள் பிடித்தாள்.

மதிய இடைவேளையில் அவரை வீட்டில் கொண்டுபோய் விடக் காரை எடுத்தாள். மகளும் வழியனுப்புகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, இருக்கைப் பட்டையை மாட்டியவுடன் ஆரம்பித்தார்.

"இடது பக்கம் போ. அந்தப் பக்கம் சிக்னல் கம்மி."

"மாமா, பதினோரு வருஷமா நான் இந்த ரோட்டுலதான் ஓட்டுறேன்."

"பதினோரு வருஷமாத் தப்பான ரோட்டுல ஓட்டுறே."

"அப்ப இறங்கி நடந்து வாங்க!"

"நடப்பேன்! எனக்கென்ன, கால் இல்லையா?"

"ஆமா, இப்பத்தான் பார்த்தோமே, எழுந்திரிக்கவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு!"

சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதற்கிடையில் கைபேசி அடித்தது. எங்கோ ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் லாரியை நிறுத்திவிட்டு கணவன் கூப்பிட்டான். மகள் ஒலிபெருக்கியில் போட்டாள். அப்பாவும் மனைவியும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் நேராக, தொண்டை கிழியக் கத்துவதை அவன் அரை நிமிடம் கேட்டான்.

"என்ன ஆச்சு?" என்றான் பதறிப்போய். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா" என்றாள் மகள். "அப்புறம் பேசுங்க. இவங்க பேசிட்டு இருக்காங்க."